ஓவியர்கள் இறங்காத ஸ்டேஷன்

கண்டி ஏரியை வரைந்தவர்களை எண்ணி மாளாது. பேராதனைப் பூங்கா, நுவரெலியாச் சமவெளி, ரம்பொடை அருவி எல்லாவற்றுக்கும் பழைய நீர்வண்ணங்கள் உண்டு, கல்லச்சுப் படங்கள் உண்டு. லண்டனில் ஏலத்துக்கு வருகின்றன. பெரிய நூலகங்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கின்றன. இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனை அப்படி வரைந்தவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். சில வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். மலை கிடைக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு மலை கிடைக்கிறது, மேகத்துக்கு மேலே சிவனொளிபாதம் கிடைக்கிறது. டவுன் கிடைப்பதில்லை.

ஹட்டனைத் தொழில் நகரம் என்று சொன்னால் கொழும்பு நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு மெயின் வீதி, ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு ஸ்டேஷன், மழை. ஆனால் தேயிலை பாதிதான் விவசாயம், மீதிப் பாதி இயந்திரம். காலையில் பறித்த கொழுந்து அன்றைக்கே ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, போய் வாட்டுக்கு விழ வேண்டும், அரைபட வேண்டும், புளிக்க வேண்டும், அடுப்பில் காய வேண்டும். ஒரு நாள் தவறினால் அது குப்பை. அதனால் கொழுந்து இருக்கும் இடத்திலேயே ஆலை இருந்தாக வேண்டும், ஆலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆலையைப் பழுதுபார்க்கும் பட்டறையும் இருந்தாக வேண்டும். பிரவுன் சகோதரர்கள் 1875இல் தங்கள் இயந்திரப் பட்டறையைத் தொடங்கியது ஹட்டனில்தான். இன்று பிரவுன்ஸ் என்று நாடு முழுக்கத் தெரிந்த கம்பெனியின் பிறப்பு அது. அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் கோப்பித் தோட்டங்களுக்கான இயந்திரத் தொழிலை ஆரம்பித்துவிட்டார். பழத்தின் தோலை உரிக்கும் யந்திரம்தான் அப்போது எல்லாத் தோட்டத்துக்கும் வேண்டியிருந்தது. பிறகு அது வோக்கர் சன்ஸ் ஆனது. இரும்பும் நீராவியும் மலைக்கு ஏறி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. ஓவியர்கள் மட்டும் அருவியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள்.

ஏன் என்று யோசித்தால் ஒரு காரணம் வெறும் காலக்கணக்கு. மலைநாட்டில் தூரிகையோடு அலைந்தவர்களின் காலம் பெரும்பாலும் கோப்பிக் காலம். ஜோன் டெஷாம்ப்ஸின் கல்லச்சுத் தொகுப்பு 1845இல் வந்தது. பெல்ஃபாஸ்ட்காரரான அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அகடமியில் நிலக்காட்சி வரையக் கற்றுக்கொடுக்க வந்து சேர்ந்தார். கப்டன் ஓ'பிரையனின் பதினைந்து காட்சிகள் 1864இல் அச்சாயின. ஒஸ்திரியாக்காரரான ரான்சொனே 1864-65இல் வந்தார். கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறைகளை வரைந்தாரே, அவரேதான். மலைக்கும் ஏறி வரைந்திருக்கிறார். இவர்கள் வந்தபோது ஹட்டன் என்று ஒரு டவுன் இல்லை. டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காட்டை வெட்டி எரித்து அப்போதுதான் கோப்பி போட ஆரம்பித்திருந்தார்கள்.

டவுனைக் கொண்டுவந்தது ரயில். 1867இல் கண்டிக்கு வந்த பாதை, 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து அங்கேயே பத்து வருடம் நின்றது. அந்தப் பத்து வருடத்தில் மேலே இருந்து வந்த சாமான் எல்லாம் மாட்டுவண்டியில் இறங்கி நாவலப்பிட்டியில்தான் ரயிலேறியது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலையைக் குடைந்து போட்ட சுரங்கம் இந்தப் பாதையிலேயே நீளமானது. இதற்கிடையில் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று முடித்திருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் போட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆக, ஸ்டோர்களும் ஸ்டேஷனும் கடைத்தெருவும் சேர்ந்து ஹட்டன் ஒரு டவுனாக எழுந்த நேரத்தில், நீர்வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் வழக்கமே குறைந்துவிட்டது. கமரா வந்துவிட்டது. ஸ்கோவன், ஸ்கீன், பிறகு 1890இல் ஆரம்பித்த பிளாட்டே என்று கொழும்பின் புகைப்படக் கடைகள் மலைநாட்டை அட்டைப்படமாக்கி விற்கத் தொடங்கிவிட்டன. ஹட்டன் பிறந்ததே கொஞ்சம் பிந்தித்தான்.

ஆனால் காலக்கணக்கை மட்டும் சொன்னால் அது ஓவியர்களைச் சும்மா விடுவதாகும். 1874இலிருந்து நாவலப்பிட்டி புகைந்துகொண்டுதானே இருந்தது? அதற்கு முன்பே கம்பளையையும் புசல்லாவையையும் சுற்றிக் கோப்பி ஸ்டோர்கள் நின்றனவே? நீர்ச்சில்லு ஓடியது, பழம் உரித்த தண்ணீர் ஓடையில் புளித்து நாறியது, களத்தில் கொட்டை காய்ந்தது. அதையெல்லாம் தாண்டித்தான் எல்லோரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். போகிற வழியில் ரம்பொடையில் நின்று அருவியை வரைந்தார்கள். ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82இல் வந்தபோது நல்ல நீர்வண்ணங்கள் வரைந்தார், ஹோர்ட்டன் சமவெளி வரை போனார். அவருக்கு வேண்டியது காடு. மரியான் நோர்த் 1877இன் தொடக்கத்தில் இங்கே இருந்தார். அவருக்கு வேண்டியது செடியும் பூவும். கியூ பூங்காவில் அவருக்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது, 1882இல் திறந்தது, சுவர் தெரியாமல் படங்கள். இவர்கள் எல்லாம் ஆலையைப் பார்க்கவில்லை என்று நான் நம்பமாட்டேன். பார்த்தார்கள், படத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஜூலியா மார்கரெட் கமரன். ஓவியர் இல்லை, புகைப்படக்காரர்; அந்தக் காலத்து இங்கிலாந்தின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கேன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் நேரே போய் இறங்கலாம். தோட்டத்துத் தமிழர்களை அவர் எடுத்த படங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. முகங்கள் அருமையாக இருக்கும். நிற்கிற விதத்தில் கொஞ்சம் நாடகம் இருக்கும், அது அவர் பாணி. ஆனால் அந்த மனிதர்கள் எங்கே வேலை செய்தார்கள், எந்தக் கூரைக்குக் கீழே படுத்தார்கள் என்பதற்கு அந்தப் படங்களில் ஒரு தடயமும் கிடையாது. பின்னால் ஒரு திரை, அல்லது மங்கலான இலைகள். இவ்வளவு பெரிய கண் நம்ம ஊருக்கு வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயத்தின் வாசலைக் கூட எடுக்காமல் போயிருக்கிறதே என்று அந்தக் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் எரிச்சல் வரும். செத்தவரோடு சண்டை போட முடியாது. சரி.

அப்புறம் பத்திரிகைப் படங்கள். 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், 1869இல் தொடங்கிய கிராஃபிக் இரண்டுமே காலனி நாடுகளின் தொழில்களைப் படம்போட்டுக் காட்டுவதில் போட்டி போட்டன. கோப்பியும் பிறகு தேயிலையும் அவற்றில் வந்தன. ஒரு பக்கத்தில் நாலைந்து சின்னப் படம்: காடு வெட்டுவது, நாற்று நடுவது, கொழுந்து பறிப்பது, ஸ்டோருக்குள் நடப்பது, துரையின் பங்களா. இந்தப் பக்கங்களைப் புத்தகத்திலிருந்து கிழித்து விற்கும் வியாபாரம் இன்றும் நடக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்ணம் பூசியது பழையது என்று கூடுதல் விலை சொல்வார்கள். இந்தச் செய்திப் பக்கங்கள் கறுப்பு மையில் அச்சானவை. அவற்றில் பச்சையும் சிவப்பும் இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தில் ஒரு வியாபாரி பூசியது.

அந்தப் படங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். இங்கே இருந்த ஒரு துரையோ அதிகாரியோ பயணியோ பென்சிலில் ஒரு குறிப்புப் படம் வரைந்து தபாலில் அனுப்புவார். லண்டனில் ஒரு வரைஞர் அதைப் பொக்ஸ்வுட் என்ற மரத்தின் கட்டையில் திரும்ப வரைவார். அந்த மரம் பெரிதாக வளராது, அதனால் சின்னச் சின்னக் கட்டைகளை போல்ட் போட்டு இறுக்கி ஒரு பெரிய கட்டையாக்குவார்கள். அவசரம் என்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாக வெட்டக் கொடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். சில பிரதிகளில் பொருத்திய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக இன்னும் தெரியும். கையில் எடுத்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுவேன். ஆக, ஒரு ஸ்டோரின் படம் என்பது அதைப் பார்த்த ஒருவர் அவசரமாக வரைந்ததை, பார்க்காத ஒருவர் நிதானமாக வரைந்து, பார்க்காத நாலு பேர் வெட்டியது. நம்ம மலைகள் சுவிட்சர்லாந்து மலைகள் மாதிரி கூர்கூராக நிற்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இப்படி ஒரு பக்கத்தை என் மாமாவிடம் காட்டினேன். பல வருடம் பெக்டரியில் பிட்டராக இருந்தவர். ரோலரின் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மருமவனே, இத வரஞ்சவன் ஸ்டோருக்குள்ள கால் வச்சிருக்க மாட்டான்."

"ஏன் மாமா?"

"ரோலர மேல் மாடியில போட்டிருக்கான் பாரு. அந்த வெயிட்டுக்குப் பலகத் தட்டு தாங்குமா? மேல வாட்டுத்தான் போடுவாங்க, காத்து வேணும்ல. ரோலர் எப்பவும் தரையில. அப்புறம் வார் எங்க? சாஃப்ட்லருந்து வார் வராம ரோலர் எப்படிச் சுத்தும், பேய் சுத்துமா?"

பிறகு வேறு ஒன்றை நீட்டினேன். இது பத்திரிகையில் வந்ததில்லை. இயந்திரக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்த பக்கம், கோட்டுச்சித்திரம். மாமாவின் முகமே மாறிவிட்டது. விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார்: இது மேல் பெட்டி, இதில்தான் வாடின கொழுந்தைக் கொட்டுவார்கள், இது அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் சக்கரம், இது கீழ்க் கதவு, உருண்டது இந்த வழியாக விழும். "இவன் தெரிஞ்சவன். நட்டு எத்தனைன்னு கூட எண்ணி வரஞ்சிருக்கான்."

அதிலிருந்து தேடும் திசையே எனக்கு மாறிப்போனது. ஓவியத்தில் கிடைக்காத ஊர் இயந்திரப் பட்டியல்களில் கிடைக்கிறது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களை இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் கம்பெனி செய்தது. சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ அடுப்புகள் பெல்ஃபாஸ்ட்டில் 1881இல் தொடங்கிய சிரோக்கோ ஆலையிலிருந்து வந்தன. மலைநாட்டின் பழைய டீமேக்கர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் தண்ணீர் பட்டபாடு. விற்பதற்காக வரைந்த படங்கள் இவை. கலை என்று யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஆனால் கம்பெனிக்குப் பணம் கொடுத்து வாங்கப்போகிற துரை ஒவ்வொரு பற்சில்லையும் பார்ப்பான் என்பதால் பொய் வரைய முடியாது. சில படங்களில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்பார். அளவு தெரிவதற்காக நிறுத்தியதுதான். இருந்தாலும் அவர் கையில் கூடை இருக்கிறது, தலையில் முண்டாசு இருக்கிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். நீர்வண்ணங்களில் தூரத்துப் புள்ளியாக இருந்த நம்ம ஆள் இங்கே ஓர் அளவுகோலாகவாவது கிட்டத்தில் வந்துவிட்டார்.

பெல்ஃபாஸ்ட் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல். அன்ட்ரூ நிக்கல் பிறந்தது அங்கே. அவரைக் கூட்டிக்கொண்டு 1848இல் நாட்டைச் சுற்றிய காலனிச் செயலாளர் எமர்சன் டென்னன்ட் பிறந்ததும் அங்கே. டென்னன்ட் இலங்கை பற்றி 1859இல் வெளியிட்ட பெரிய நூலில் நிக்கலின் படங்கள் வந்தன. நிக்கலின் நீர்வண்ணங்கள் பல கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பார்க்கத்தக்கவை: இடிபாடுகள், குளங்கள், காடு. அதே ஊரிலிருந்து முப்பது வருடம் கழித்து ஓர் இரும்பு அடுப்பு வந்து ஸ்டோருக்குள் உட்கார்ந்தது. இரண்டில் எது மலைநாட்டை அதிகம் மாற்றியது என்று கேட்கவே வேண்டாம். எது மலைநாட்டை உள்ளபடி காட்டியது என்று கேட்டாலும் என் வாக்கு அடுப்பின் பட்டியலுக்குத்தான்.

உள்ளூர்க் கைகள் வரையவில்லையா? வரைந்தார்கள். பறங்கியரான ஜே. எல். கே. வான்டோர்ட் (1831–1898) கையில் பென்சிலோடேயே வாழ்ந்தவர். கொழும்புத் தெருவின் ஆட்களை அவர் பிடித்த மாதிரி எந்த வெள்ளைக்காரரும் பிடிக்கவில்லை. அவர் படம் வரைந்த நையாண்டிப் பத்திரிகைக்குப் பெயர் 'முனியாண்டி'. ஆங்கிலத்தில் வந்த பத்திரிகைக்கு நம்ம எல்லைச் சாமியின் பெயர்! ஹட்டன் பக்கத்துக்கு அவரைப் போல ஒருவர் வாய்க்கவில்லை. வெரெக்கர் ஹமில்டன் என்று ஒருவர் வாய்த்தார். இங்கே கோப்பித் துரையாக இருந்துவிட்டுப் பிறகு லண்டனில் முறையாக ஓவியம் படித்தவர். ஃபாஸன் என்ற நண்பரோடு சேர்ந்து 1881 வாக்கில் தோட்ட வாழ்க்கையைக் கேலிப்படங்களாக ஒரு புத்தகம் போட்டார். திறமைசாலி, சிரிப்பும் வரும். அதில் மையம் துரைதான். துரையின் குதிரை, துரையின் மழை, துரையின் அலுப்பு. நாம் அவர் அலுப்புக்குப் பின்புலம்.

கிடைக்கிற படம் எந்த இடம், எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பது தனி வேலை. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் வராது. பள்ளத்தாக்கின் பெயரை அல்லது தோட்டத்தின் பெயரைப் போட வேண்டும். டிக்கோயா, டிம்புள்ள, மஸ்கெலியா என்று அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல்களில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இடத்தைக் காட்டிக்கொடுப்பது மலைமுகடு. வீடு இடியும், வீதி மாறும், மரம் போகும். சிங்கமலையின் கோடு மாறாது. அச்சுப்படத்தைப் போனில் போட்டுக்கொண்டு, முகட்டின் கோடு பொருந்தும் வரை நடந்தால் வரைந்தவர் நின்ற இடத்துக்குப் பக்கமாக வந்துவிடலாம். எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லையென்றால் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாற்றிப் பாருங்கள். கல்லச்சிலும் மரக்கட்டையிலும் இடவலம் மாற்றி வரைந்தால்தான் அச்சில் நேராக விழும். அதைக் கவனிக்காமல் விட்டவை உண்டு. பழைய தபாலட்டைகளிலும் கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டவை உண்டு.

காலத்துக்குச் செடியைப் பார்க்க வேண்டும். கருகிய அடிமரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாகச் செடி நின்றால் புதிதாகக் காடு வெட்டிய கோப்பி என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டோரின் கூரையும் சுவரும் தகரமா, கல்லா? பக்கத்தில் தண்ணீர் வரும் வாய்க்காலும் சில்லும் இருக்கின்றனவா, புகைபோக்கி இருக்கிறதா? மேல் மாடிகளில் நெருக்கமாக ஜன்னல் வரிசை இருந்தால் அது வாட்டும் மாடி, ஆகவே தேயிலை. மின்கம்பம் நின்றால் அனேகமாக 1950இல் லக்சபானை நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு. இதை எல்லாம் மாமாதான் எனக்குச் சொல்லித் தந்தார். நான் படித்த எந்தக் கலைவரலாற்றிலும் ஜன்னலை எண்ணச் சொல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. படங்கள் பெருகுகின்றன, ஆலை மறைகிறது. லிப்டன் 1890இல் வந்து தம்பேத்தன்னையை வாங்கிய பிறகு தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்று செய்த விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் முன்னுக்கு வந்தார்கள். 1926இலிருந்து 1933 வரை இயங்கிய பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை தன் பொருட்களுக்கெல்லாம் நல்ல ஓவியர்களை வைத்துச் சுவரொட்டி போட்டது. அதன் பிறகும் தேயிலைப் பிரசாரம் ஓயவில்லை. எல்லாவற்றிலும் சிரிக்கிற ஒரு பெண், வெயில், பச்சை. மழையில் கம்பளிக்கு மேல் படங்கு கட்டி, அட்டை கடித்த காலோடு நிற்கிற பெண் இல்லை. இயந்திரமும் இல்லை, புகையும் இல்லை, இரவு முழுக்க அடுப்புக்கு விறகு தள்ளும் ஆளும் இல்லை. தேயிலை செடியிலிருந்து கோப்பைக்குத் தானாகவே குதித்துவிட்டது போல. அந்தப் பெண் இன்றும் பெட்டிகளின் மேல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் உண்டு, அது அழகாக இருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

நம்மவர்கள் வரைந்தது எங்கே போனது என்று கேட்கலாம். சுவரில் இருந்தது. கடைப் பெயர்ப்பலகை, கோயில் சுவர், ஸ்டூடியோவின் பின்திரை, தேர்தலுக்குத் தேர்தல் தொழிற்சங்கத்தின் சேவல் சின்னம். ஸ்டூடியோத் திரைகள் இருக்கின்றனவே, அவை தனிக் கதை. ஜன்னலைத் திறந்தால் உண்மையான மலை தெரியும் ஊரில், திரையில் தாமரைக் குளமும் மாளிகைப் படிக்கட்டும் வரைந்து அதன் முன்னால் குடும்பத்தை நிறுத்திப் படமெடுத்தார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர்களுக்குப் படத்திலாவது வேறு ஓர் இடம் வேண்டாமா? ஆனால் சுவரில் வரைந்தது மழைக்கு நிற்காது. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புது வர்ணம் பூசுவார்கள். 1983இல் மலைநாட்டு டவுன்களில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது எரிந்த பலகைகளையும் திரைகளையும் யாரும் கணக்கெடுக்கவில்லை. மஸ்கெலியாவின் பழைய டவுன் 1960களின் முடிவில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போனது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் கோயிலும் பள்ளிவாசலும் வெளியே வரும், பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறோம். அந்தக் கடைத்தெருவை யாராவது ஒருவர் ஒரு மதியம் உட்கார்ந்து வரைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆவணம் வைத்திருக்கும் இடங்கள் என்று பார்த்தால், கண்டிக்கு மேலே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டிய பழைய ஸ்டோர், 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இயந்திரங்களுக்காகப் போக வேண்டும். ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். லயக் காம்பராவிலேயே வைத்திருக்கிறார்கள், அம்மியும் கூடையும் பேர்ச்சீட்டுமாக. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது நல்லது. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது.

ஆனால் எனக்குக் கிடைத்தவற்றில் ஓவியம் என்று சொல்லத்தக்கது ஒரு தோட்டத்துக் கந்தோரில் கிடைத்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு காலத்தில் பழைய கடதாசிகளைக் கட்டுக்கட்டாக நிறைக்குப் போட்டு விற்றிருக்கிறார்கள். மிஞ்சியது அலுமாரிக்கு மேலே கிடந்த சில சுருள்கள். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர், ஏணி வைத்து அவரே ஏறி எடுத்துத் தந்தார். விரித்தால் துணியில் வரைந்த நில அளவைப் படம். அந்தக் காலத்தில் அளவைப் படங்களுக்குக் கையாலேயே நீர்வண்ணம் தீட்டுவார்கள். காட்டுக்கு ஒரு பச்சை, தேயிலைக்கு வேறொரு இளம்பச்சை, ஓடைக்கு நீலம், கட்டடங்களுக்குச் சிவப்பு. ஸ்டோர் பெரிய சிவப்புச் சதுரம். அதற்கு வரும் வாய்க்கால், சில்லு இருந்த இடம், பங்களாவுக்குப் போகும் வளைவுப் பாதை, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம். லயங்கள் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சிவப்புக் கட்டை, நம்பரோடு. ஹட்டனுக்குப் போகும் வண்டிப்பாதை ஓரத்தில் தொட்டுக்கொண்டு போகிறது. பச்சை சில இடங்களில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்திருக்கிறது. வரைந்தவர் தூரிகையில் தண்ணீர் கூடிவிட்ட இடம்.

நூறு வருடத்து நீர்வண்ணங்கள் ஒதுக்கிய அத்தனையும் அதில் இருந்தது. லயத்தை அழகாக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எத்தனை காம்பரா என்று எண்ண முடிந்தது. மாமாவுக்குப் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் தாத்தா இருந்த லயத்தை நம்பர் சொல்லித் தேடினார். கிடைத்ததும் "இதுக்குப் பின்னால ஒரு பலா மரம் இருந்துச்சு, அத போடலயே" என்றார். அளவைக்காரர்கள் மரத்தைப் போடமாட்டார்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கீழ் மூலையில் வரைந்தவரின் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அது யார் என்று தெரிய, அந்தக் காலத்து அளவையாளர் பட்டியல்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கிளாக்கர் மற்ற சுருள்களை விரிக்கவும் சம்மதித்திருக்கிறார், ஆனால் துணி மடிப்பில் முறிகிறது, அதனால் வெயில் வரும் மாதத்தில் ஈரம் காய்ந்த பிறகுதான் தொடச் சொன்னார். உங்கள் தோட்டத்துக் கந்தோரிலும் அலுமாரிக்கு மேலே இப்படிச் சுருள்கள் கிடக்கலாம். எடுத்துப் பார்த்தால் பின்பக்கத்தையும் படமெடுங்கள். தேதியும் கையெழுத்தும் பல நேரம் அங்கேதான் இருக்கும்.